பதிவேட்டில் இல்லாத பாதை: தென்காசிக்கு ஒரு வரைபடக் கூடுகை ஏன் தேவை?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குச் செல்லும் வழி ஆதிக்க சாதியினரின் நிலத்தின் ஊடே சென்றது, அவ்வழி மறிக்கப்பட்டிருந்தது. காணொளி பரவியபின் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாவட்ட நிர்வாகம் வேறோர் இடத்தில் நிலம் ஒதுக்கியது. தலித்துகளுக்கெனத் தனிச் சுடுகாடு ஒதுக்குவதன் மூலம் அரசே சாதிப் பிரிவினைக்குத் துணைபோகவில்லையா என நீதிமன்றம் கேட்டது. கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: அடைக்கப்பட்ட அந்தப் பழைய வழி, அடைக்கப்படுவதற்கு முன் எங்கே பதிவாகியிருந்தது?

பாதை வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்களான நாங்கள் மீண்டும் மீண்டும் முட்டி நிற்கும் சுவர் இதுதான். "புல வரைபடத்தில் அப்படியொரு பாதை இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். வருவாய்த் துறையின் அறிக்கையும் பெரும்பாலும் அதையே சொல்லும். புல வரைபடம் நில வரிக்காக அளக்கப்பட்டது. எந்தப் புல எண்ணுக்கு எவ்வளவு பரப்பு, யார் பட்டாதாரர் என்பதே அதன் கவலை. வண்டிப்பாதையும் வாய்க்காலும் சில இடங்களில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பட்டா நிலத்தின் வரப்பில் மூன்று தலைமுறையாகப் பாடை சென்ற தடம் அதில் இடம்பெறுவது அரிது. நடந்தவர்களுக்கு நிலம் இல்லை; நிலம் இல்லாதவர்களின் நடையை நிலப் பதிவேடு எழுதிவைக்கவில்லை.

அந்தப் பதிவை மக்களே உருவாக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பற்றியும், அதன் பங்களிப்பாளர்கள் நடத்தும் கூடுகைகள் பற்றியும் இங்கே எழுதுகிறோம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பலர் "இலவச கூகுள் மேப்" என்று நினைக்கிறார்கள். திரையில் தெரியும் படம் அதன் ஒரு வெளிப்பாடு மட்டுமே. அது அடிப்படையில் ஒரு திறந்த தரவுத்தளம். 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் அதைத் தொடங்கினார். மக்கள் வரிப்பணத்தில் அளக்கப்பட்ட நிலவரைத் தரவை அந்நாட்டு அளவைத் துறை காசுக்கு விற்றதும், பயன்படுத்துவோருக்குக் கட்டுப்பாடுகள் விதித்ததுமே காரணம். அந்தத் தரவுத்தளத்தில் மூன்று வகைப் பொருள்களே உண்டு: புள்ளி, புள்ளிகளை இணைக்கும் கோடு, இவற்றைத் தொகுக்கும் உறவு. கிணறு ஒரு புள்ளி. நடைபாதை ஒரு கோடு. ஒரு பேருந்துத் தடம் ஓர் உறவு. ஒவ்வொன்றின் மீதும் குறிச்சொற்களை ஒட்டலாம்: இது குடிநீர்க் குழாய், இது மயானம், இதன் பெயர் இன்னது. இவையெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற, அதுவும் திறமூலமான, தரவுத்தள மென்பொருளில் சேமிக்கப்படுகின்றன. யாரும் கணக்குத் தொடங்கிச் சேர்க்கலாம், திருத்தலாம். 2012 முதல் திறந்த தரவுத்தள உரிமத்தின்கீழ் வெளியாவதால், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

சட்டம் படித்தவர்களை ஈர்க்க வேண்டிய இடம் வேறு. இத்தரவுத்தளத்தில் எந்தத் திருத்தமும் சுவடின்றி நடப்பதில்லை. எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில், எந்த நேரத்தில் ஒரு கோடு வரையப்பட்டது. பிறகு யார் அதை நகர்த்தினார்கள், யார் அழித்தார்கள் என்ற வரலாறு பதிப்பு எண்ணோடு தங்கிவிடும். ஒரு பாதையை வேலியிட்டு மறைக்கலாம். 2025இல் அங்கே ஒரு பாதை வரையப்பட்டது என்ற பதிவின் மேல் வேலி போடுவது கடினம்.

இத்திட்டம் அலுவலகம் வைத்து வளரவில்லை. கூடி நடந்துதான் வளர்ந்தது. 2006 மே மாதம் இங்கிலாந்தின் வைட் தீவில் சில பத்துப் பேர் ஜிபிஎஸ் கருவிகளோடு கூடி, ஒரு வார இறுதியில் தீவின் சாலைகளை நடந்தும் மிதிவண்டியிலும் பதிவுசெய்தார்கள். பகலில் நடப்பது, மாலையில் ஒன்றாக அமர்ந்து பதிவேற்றுவது, எதற்கு எந்தக் குறிச்சொல் என்று வாதிடுவது என்ற முறை அப்படித்தான் வேர்விட்டது. 2007 முதல் உலக மாநாடும் நடந்துவருகிறது. அதன் ஆசியக் கூடுகை 2018இல் பெங்களூரில் நடந்தது.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி வைட் தீவு அன்று, நைரோபியின் கிபேரா. ஆப்பிரிக்காவின் பெரிய குடிசைப் பகுதிகளுள் ஒன்றான அது அரசு வரைபடங்களில் காடாகக் காட்டப்பட்டிருந்தது. 2009 இறுதியில் அங்கேயே வாழும் இளைஞர்கள் 13 பேர் கருவி பழகி, தங்கள் சந்துகளையும் தண்ணீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் மருந்தகங்களையும் வரைந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் பயிற்சி தந்தார்கள். எதை வரைவது என்பதில் அங்கு வாழ்பவர்களின் அறிவே அடிப்படையாக இருந்தது.

தென்காசியில் இதற்கான தொழில்நுட்பத் திறனுக்குப் பஞ்சமில்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ வந்த பிறகு, மென்பொருள் எழுதும் வேலை குற்றாலச் சாரலுக்கு எட்டிய தூரத்தில் நடக்கிறது. சுற்றிலும் பொறியியல், கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. விழுப்புரத்தில் ஜிஎன்யூ/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குத் தொடர்ந்து கட்டற்ற மென்பொருள் பயிற்சி தருவதை அறிந்தவர்களுக்கு, சிறு நகரத்தில் இது நடக்குமா என்ற ஐயம் எழாது. எங்கள் ஐயம் வேறு: நடந்தால், எந்தத் தெருவில் கூடுவார்கள்?

குற்றாலத்தில் விடுதி எடுத்து, இரண்டு நாள் மடிக்கணினியின் முன் அமர்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளின் கூரைகளை வரைந்துவிட்டு, அருவியில் குளித்துத் திரும்புவதும் பங்களிப்பாளர் கூடுகைதான். அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் இம்மாவட்டத்தின் பாதைகளில் பாதி தென்னந்தோப்புக்குள் போகிறது. மேலிருந்து பார்த்தால் ஓலைதான் தெரியும். வயல்வெளிப் பாதை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது; கார் சாகுபடியில் ஒரு வரப்பு, பிசானத்தில் நடவு முடிந்தபின் வேறொரு வரப்பு, அறுவடைக்குப் பின் வயலின் குறுக்கே நேர்வழி. எந்த மாதத்தில் இறந்தால் எந்த வழியே தூக்கிச் செல்வார்கள் என்பதை ஊரிலுள்ள மூத்தவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் குழி வெட்டுபவர்களும் அறிவார்கள். செயற்கைக்கோள் அறியாது.

அவர்கள் கூடுகைக்கு வர வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆகவே கூடுகை ஏதேனும் ஒரு குடியிருப்பின் சமுதாயக் கூடத்திலோ, ஆதிதிராவிடர் நல விடுதியிலோ நடக்கட்டும். வழிகாட்டி வருபவர்களுக்கு அந்த நாள் கூலி தரப்பட வேண்டும். விருந்தினர்களுக்கு அச்சிட்ட பையும் சட்டையும் வாங்கும் பணத்தில் அது தாராளமாக முடியும். இன்னொன்று, தரவுத்தளத்தில் பங்களிப்பாளர் என்று பதிவாவது கைபேசியைப் பிடித்திருக்கும் மாணவரின் கணக்குப் பெயர்தான். முன்னால் நடந்து "இந்தப் பனைக்கு இந்தாண்ட திரும்பணும் தம்பி" என்று சொன்ன மூதாட்டியின் பெயர் எங்கும் வராது. அவர் இசைந்தால், களக் குறிப்பேட்டில் அவரது கூற்றை அவர் வாய்மொழியிலேயே எழுதி, கையொப்பமோ கைநாட்டோ பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். மரியாதைக்காக மட்டுமன்று. நாளை நீதிமன்றத்தில் சாட்சி அவர்தான்.

பெயர்களுக்கு வருவோம், கூடுகைகளில் அதிகம் வாதிடப்படுவது இதுதான். களத்தில் எது இருக்கிறதோ அதையே பதிவுசெய் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை விதி. நல்ல விதி. ஆனால் களத்தில் இருப்பது யார் சொல்? குடியிருப்பினர் அம்பேத்கர் நகர் என்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் விசாரித்தால் "காலனி" என்கிறார்கள். அதைவிட இழிவான சொல்லும் காதில் விழலாம். 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர், "காலனி" என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என அறிவித்தார். பெயர்ப் பலகை மாறலாம். தரவுத்தளத்தில் அச்சொல்லைத் தேடி மாற்ற யாராவது அமர வேண்டும்.

செங்கோட்டை வட்டாரத்து மீனாட்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதைப் பற்றிப் பேசியது. மதம் மாறியவர்கள் ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயரிட்டார்கள். மீனாட்சிபுரம் என்ற பெயரும் வழக்கொழியவில்லை. இத்தரவுத்தளத்தில் பெயர், மாற்றுப் பெயர், பழைய பெயர், உள்ளூர்ப் பெயர் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருப்பதால் இரண்டும் இடம்பெறலாம். எது முதல் கட்டத்தில், எது இரண்டாவதில் என்பதை மென்பொருள் முடிவுசெய்யாது. அந்தப் பகுதியில் யார் தொடர்ந்து பங்களிக்கிறார்களோ அவர்கள் முடிவுசெய்வார்கள். சர்ச்சை முற்றினால் உலக அளவிலான தரவுக் குழு தலையிடும். அப்போதும் உள்ளூர்ச் சமூகம் என்ன சொல்கிறது என்ற கேள்வி எழும். அந்த "உள்ளூர்ச் சமூகத்தில்" நாம் இல்லையென்றால் நமக்காகப் பேசுவதற்கு வேறு யாரோ இருப்பார்கள்.

வரைபடக் கோடு வெறும் கோடன்று என்பதை இவ்வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1936 நவம்பர் 12இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம், அரசுக் கட்டுப்பாட்டிலிருந்த கோயில்களை அந்த எல்லைக்குள் திறந்துவிட்டது. சில கிலோமீட்டர் கிழக்கே, சென்னை மாகாணத்துக் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் அது பொருந்தவில்லை. இங்கே ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் வழிவிடத் தொடங்கியதே 1939இல்தான்.

இனி, சட்டத்தில் இந்த வரைபடத்துக்கு என்ன மதிப்பு என்பதைப் பார்ப்போம். மிகையாக நம்பவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்துக்குச் செல்லும் வழக்கமான வழி உரிமையை மறுப்பது 3(1)(y) பிரிவின்கீழ்க் குற்றம். பொதுச் சொத்துக்களை, இடுகாடு சுடுகாட்டை, ஆறு, ஊற்று, கிணறு, குளம், குழாய், குளிக்கும் துறை, சாலை, வழி ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது 3(1)(za) பிரிவின்கீழ்க் குற்றம். இந்தப் பட்டியலை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். ஒரு வரைபடக் கூடுகையின் வேலைப் பட்டியலே அதுதான். உரிமையியல் வழக்குக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாக, இடையறாமல் 20 ஆண்டுகள் நடந்திருந்தால் வழியுரிமை உண்டாகும் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். வழக்கத்தால் உண்டாகும் உரிமைக்கு 18ஆம் பிரிவு. எங்கள் கட்சிக்காரர்கள் பலர் 20 ஆண்டுகளைவிட நெடுங்காலம் நடந்தவர்கள். நிரூபிக்கத்தான் தாளில்லை.

அரசின் அதிகாரத்தால் ஆக்கப்பட்ட வரைபடத்தைச் சரியானது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். மக்கள் வரைந்ததற்கு அந்த அனுமானம் கிடையாது. ஒரு வழக்குக்காகவே வரையப்பட்ட வரைபடமென்றால், அரசு வரைந்ததாயினும் அதன் துல்லியத்தை நிரூபித்தாக வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். நாம் பற்றிக்கொள்ள வேண்டிய நுட்பம் இங்கே இருக்கிறது. வேலி போட்ட மறுநாள் வரையும் பாதையை "வழக்குக்காக வரைந்தது" என்று எதிர்த்தரப்பு எளிதில் தள்ளும். தகராறே இல்லாத காலத்தில், வெவ்வேறு கணக்குகளிலிருந்து, ஆண்டுதோறும் உறுதிசெய்யப்பட்ட கோட்டை அப்படித் தள்ளுவது கடினம். ஆகவே பாதை திறந்திருக்கும்போதே அதை வரைய வேண்டும்.

தரவுத்தளத்தின் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அதன் இரண்டு பகுதிகளில் ஒன்றை நாமும் மற்றொன்றை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அப்போதும் புனைபெயர்க் கணக்கு ஒன்றின் கோடு தனித்து நிற்காது. வரைந்தவரும் வழிகாட்டியவரும் கூண்டேறத் தயாராக இருக்க வேண்டும். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிழை காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து வரப்புகள் வெவ்வேறு புல எண்களில் இருக்கையில் அந்தச் சில மீட்டரே வழக்கைத் தோற்கடித்துவிடும். கோட்டோடு கிணறு, மின்கம்பம், மடை, தனிப்பனை ஆகியவற்றையும் புள்ளிகளாக வைத்தால் எந்த வரப்பு என்பது ஐயமற நிற்கும்.

புல வரைபடத்தை இணையத்தில் பார்க்க முடிகிறதே, அதைப் பார்த்தே வரைந்துவிடலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடாது. கூகுள் மேப்பைப் பார்த்தும் வரையக் கூடாது. உரிம மீறல் என்று முழுப் பதிவும் நீக்கப்படும். புல வரைபடத்தை ஒப்பிடுவதற்காகக் கையில் கொண்டுபோகலாம், அவ்வளவே. வரைபடம் எடுக்கக் காவல்துறை அனுமதி வேண்டுமா என்ற அச்சமும் உண்டு. 2021 பிப்ரவரி 15 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், இத்தகைய பொதுத் தரவைச் சேகரிக்க முன் அனுமதி தேவையில்லை என்கின்றன. பாதுகாப்பு சார்ந்த சில விவரங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. அணைகளும் காப்புக்காடும் மாநில எல்லையும் உள்ள மாவட்டம் இது. அந்த ஆவணத்தின் நகல் ஒவ்வொரு குழுவின் பையிலும் இருக்கட்டும். அழைப்பிதழில் இந்திய வரைபடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்து அச்சிட வேண்டாம். எல்லைக்கோடு இந்திய அளவைத் துறையின் வரைபடத்தோடு பொருந்தாவிட்டால், 1961ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டத்தின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நம்மை முடக்க நினைப்பவர்களுக்கு அப்படியொரு சாக்கை நாமே தரக் கூடாது.

வரைய வேண்டியதைப் போலவே வரையக் கூடாததும் உண்டு. எந்தக் குடியிருப்பின்மீதும் சாதியைக் குறிச்சொல்லாக ஒட்டக் கூடாது. திறந்த தரவு எல்லோருக்கும் திறந்தது. கலவரக்காரருக்கும், வீடு வாடகைக்கு மறுப்பவருக்கும், வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியைத் துருவுபவருக்கும். வீட்டு உரிமையாளர் பெயரும் கூடாது. தனிமனித விவரங்களைத் திட்டமே ஏற்பதில்லை. பஞ்சமி நில மீட்புக்கான தகவல்களுக்கு இது இடமில்லை. அவற்றைத் தனிக் கோப்பாக இயக்கங்களே வைத்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தால் காட்ட முடியாதவையும் இருக்கின்றன. சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாங்குளத்தில் 2022 செப்டம்பரில், "ஊர்க் கட்டுப்பாடு" என்று சொல்லித் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடையை நினைத்துப் பாருங்கள். தரவுத்தளத்தில் அது "பெட்டிக்கடை" என்ற ஒரு புள்ளி மட்டுமே. அந்தக் குழந்தைகளின் வழக்கை நகர்த்தியது காணொளி, வரைபடமன்று.

இறுதியாகக் கூடுகையின் நடத்தை விதி. திறமூலத் திட்டங்கள் பரவலாகப் பின்பற்றும் "கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்" என்ற நடத்தை விதி, 2021இல் வந்த 2.1ஆம் பதிப்பில் பாகுபாடு காட்டக் கூடாத அடிப்படைகளின் பட்டியலில் சாதியைச் சேர்த்தது. விக்கிமீடியாவின் உலகளாவிய நடத்தை விதியிலும் சாதி இருக்கிறது. தென்காசிக் கூடுகை இவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படியே ஒட்டினால் போதாது. வரைபடக் கூடுகையில் ஒருவரிடம் மற்றவர் மிக இயல்பாகக் கேட்பது "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்பதுதான். தமிழ்நாட்டில் சாதியை அறிய விரும்புபவர் கேட்பதும் அதே கேள்விதான். தொழில்நுட்ப உரையாடலுக்குள் அது நுழைந்துவிட்டால், முதல்முறை வந்திருக்கும் மாணவி பதில் சொல்லத் தயங்கி மறுநாள் வராமல் போவார். எனவே தன் ஊரை, தன் தெருவைத்தான் வரைய வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். குடியிருப்பினர் அழைத்த ஊர்களுக்கு மட்டுமே செல்ல வேண்டும். பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். யார் என்று யாரேனும் மறித்தால், பதில் சொல்ல வேண்டியவர் குழுவிலுள்ள வழக்கறிஞர், மாணவர் அல்லர்.

காலத்தைப் பொறுத்தவரை, பிசான அறுவடை முடிந்த பின் வயல் வெறுமையாக இருக்கும்போது முதல் நடை வசதியானது. தடங்கள் தெளிவாகத் தெரியும். ஆனால் தகராறு எழுவது பயிர் நிற்கும்போதுதான். ஆகவே கார் நடவுக்குப் பின் அதே குழு, அதே வழிகாட்டியோடு, அதே மயானத்துக்கு இன்னொரு முறை நடக்க வேண்டும். இரண்டு நடைகளின் தேதியும், எந்த வரப்பு என்பதும், உடன் வந்தவர் யார் என்பதும் குறிப்பேட்டில் இருக்கட்டும்.